கடல் கடக்கும் உழைப்பும் காவல் நிற்க வேண்டிய சட்டமும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் அயல்நாட்டு வேலையைப் பற்றிய உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் தெருக்களில் கூரை வீடு இருந்த இடத்தில் இன்று மாடி வீடு எழும்பியிருக்குமாயின், அதன் பின்னால் அரசுப் பணி இருக்கும். அன்றேல் அயல்நாட்டில் ஒருவர் சிந்திய வியர்வை இருக்கும். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும், தங்கையின் திருமணமும், தந்தையின் மருத்துவமும் அந்த வியர்வையிலிருந்தே வந்துள்ளன. ஆனால் அவர் எந்தச் சட்டத்தின்கீழ்ச் சென்றார், அங்கு அவருக்கு என்ன உரிமை உண்டு, இரு நாட்டு அரசுகளும் தமக்குள் என்ன பேசிக்கொண்டன என்பவற்றை நாம் அறிய முயன்றதில்லை. அறியாமையால் வரும் இழப்பைத் தடுப்பதே கல்விக் கழகத்தின் கடமை. ஆகவே இப்பொருள் இம்மேடைக்கு உரியதே.

உலக வங்கியின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 111 பில்லியன் டாலர், அதாவது 11,100 கோடி டாலர். வேறெந்த நாடும் அவ்வளவு பெறவில்லை. சரக்குகள் நாடு விட்டு நாடு செல்வதற்கு 1995இல் தோன்றிய உலக வணிக அமைப்பு உண்டு. அங்கு ஒரு நாடு இன்னொரு நாட்டின்மீது வழக்கே தொடுக்கலாம். கடல் கடந்து செல்லும் உழைப்பாளிக்கு அத்தகைய வலிமை வாய்ந்த உலக மன்றம் எதுவும் இல்லை. அவரைச் சுற்றியிருப்பவை இரு நாட்டுச் சட்டங்களும், சில உடன்படிக்கைகளும், கையொப்பமிட்டும் நடைமுறைக்கு வாராத சில காகிதங்களுமே.

இவற்றை எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். கூலி எவ்வளவு என்று கேட்பதே வழக்கம். அதனினும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. தொழிலாளி தான் விரும்பாத முதலாளியை விட்டு விலக முடியுமா? இக்கேள்விக்கான விடையைப் பொறுத்தே மற்றெல்லாம் அமையும். விலக முடிந்தவனிடம் முதலாளி பேரம் பேசுவான். விலக முடியாதவனிடம் ஆணையிடுவான். இவ்வுண்மையை நமக்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டியதில்லை. பண்ணையாளின் பேரப்பிள்ளைகளாகிய நாம் பிறப்பிலேயே அறிந்தது அது.

பண்ணையிலிருந்து கப்பலுக்கு

1843ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் துணையை நீக்கியது. ஆனால் 1859இல் வந்த மற்றொரு சட்டம், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு விலகினால் அவனைச் சிறையிலிடவும் வழி செய்தது. அடிமை என்ற பெயர் போயிற்று. முன்பணம் என்ற கயிறு அதன் இடத்திற்கு வந்தது. அக்கயிற்றை அறுக்க 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் தேவைப்பட்டன.

இதே கயிறுதான் கடலையும் கடந்தது. ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை ஒழிந்த 1834ஆம் ஆண்டிலேயே மொரிசியசுக் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் செல்லத் தொடங்கினர். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேரில் மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களிடையே நம் முன்னோர் இருந்தனர். சேரியையும் சாதிக் கொடுமையையும் பின்னே விட்டுச் செல்லலாம் என்ற நம்பிக்கையோடு கப்பலேறியவரும் அவர்களில் உண்டு. அந்த நம்பிக்கையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஊரை விட்டு வெளியேறுவதே அன்று ஒடுக்கப்பட்டவனுக்குக் கிட்டிய முதல் விடுதலை.

ஆனால் அங்கும் ஐந்தாண்டு ஒப்பந்தம் அவனை ஒரே முதலாளியிடம் கட்டியது. முதலாளியின் இசைவின்றி வெளியேறுவது குற்றம், சிறையும் உண்டு. 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து, குருதி வழிய, டர்பனில் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளிடம் வந்து நின்றார். காந்தியடிகளால் அவருக்குப் பெற்றுத்தர முடிந்தது யாது? ஒப்பந்தத்தை வேறொரு வெள்ளையரின் பெயருக்கு மாற்றித் தந்ததுதான். அடிபட்டவனுக்கு விடுதலையில்லை, ஆண்டை மட்டும் மாறலாம். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நூறாண்டுகளுக்கும் பின்னர் வளைகுடா நாடுகள் செய்த சீர்திருத்தங்களைப் பேசும்போது இது மீண்டும் நம் முன் வரும்.

ஒப்பந்தம் முடிந்தவர் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டுமென 1895இல் நேட்டால் அரசு சட்டம் செய்தது. அவர்களின் உழைப்பு வேண்டும், ஆனால் அவர்கள் குடிமக்களாக வேண்டா என்பதே அதன் பொருள். 1913ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தம் அவ்வரிக்கு எதிராக எழுந்தது. அவ்வறப்போரில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே வரி நீங்கியது. இதற்கு முன்னரே, 1911இல், நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியிருந்தது. ஆள் அனுப்பும் நாடும் ‘இல்லை’ என்று சொல்ல முடியும் என்பதற்கு அது சான்று.

கங்காணியின் துண்டு

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் முறை வேறு, சாரம் ஒன்றே. கங்காணி ஊருக்கு வந்து ஆள் திரட்டுவான். பயணச் செலவும் அரிசியும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். அக்கடன் ஒரு சீட்டில் எழுதப்படும். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். வேறு தோட்டம் அவனை ஏற்க விரும்பினால் துண்டில் கண்ட தொகையைச் செலுத்த வேண்டும். ஆள் மாறுவான், கடன் அவனோடு கூடவே செல்லும். 1921இல் இலங்கை அரசு இத்துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தது.

1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. அதன்படி இலங்கையிலும் மலேயாவிலும் இந்திய அரசின் ஏஜெண்டுகள் அமர்த்தப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் கூலியும் நிலையும் அவர்களின் பார்வைக்கு வந்தன. அவர்கள் பணி குறைபாடற்றதன்று. ஆயினும் அனுப்பிய நாட்டுக்கும் பொறுப்புண்டு என்ற கொள்கை அதில் வேரூன்றியது. 1938இல் மலேயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் கூலியாட்கள் செல்வதை இந்திய அரசு தடை செய்தது.

இருந்தும் அரசுகளின் பேச்சில் தொழிலாளியின் குரல் கேட்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களிடம் ‘உன் விருப்பம் என்ன?’ என்று அவ்வொப்பந்த மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. அரசுகள் ஒப்பந்தம் செய்வதாலேயே தொழிலாளிக்கு நன்மை வந்துவிடாது. அந்த மேசையில் அவன் சார்பில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

செல்வ நாடும் ஏழை நாடும்

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1942இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் ‘பிரசெரோ’ என்னும் வேளாண் தொழிலாளர் திட்டத்தை வகுத்தன. காகிதத்தில் அது நல்ல திட்டமே. பயணச் செலவு, உறைவிடம், மணிக்குக் குறைந்தது 30 சென்ட் கூலி, பாகுபாடு கூடாது என்ற உறுதி ஆகிய யாவும் அதில் இருந்தன. டெக்சஸ் மாநிலத்தில் மெக்சிகர்கள் இழிவாக நடத்தப்படுவதைக் கண்ட மெக்சிகோ அரசு, அங்கே ஆள் அனுப்ப மறுத்துச் சில ஆண்டுகள் உறுதியாக நின்றது. தீண்டாமையை அனுபவித்த நமக்கு அம்மறுப்பின் மாண்பு நன்கு விளங்கும்.

ஆனால் 1954இல் பேச்சு முறிந்தபோது அமெரிக்கா எல்லையில் தானே நேராக ஆள் எடுக்கத் தொடங்கியது. பசித்தவர்கள் எல்லைக்குத் திரண்டு வந்தனர். மெக்சிகோவின் பேர வலிமை கரைந்தது. தொடக்க ஆண்டுகளில் தொழிலாளரின் கூலியில் பத்து விழுக்காடு சேமிப்பென்று பிடிக்கப்பட்டது. பலருக்கு அத்தொகை கைக்கு வரவே இல்லை. 1964இல் திட்டம் முடிந்து நாற்பதாண்டுகள் கழிந்தபின், 2005இல்தான் மெக்சிகோ அரசு முதியோராகிவிட்ட அவர்களுக்கு ஈடு வழங்க நிதி ஒன்றை ஏற்படுத்தியது. எழுத்தில் உரிமை இருந்தும், அதைக் காக்கும் கை இல்லையேல் நேர்வது இதுவே.

உலக அளவில் முயற்சி நடவாமலில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949இலும் 1975இலும் புலம்பெயர் தொழிலாளர் பற்றிய உடன்படிக்கைகளைக் கொணர்ந்தது. ஐக்கிய நாடுகள் அவை 1990 டிசம்பர் 18ஆம் நாள், புலம்பெயர் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் பெற வேண்டிய உரிமைகளைத் தொகுத்து ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அது நடைமுறைக்கு வரவே 2003 ஆயிற்று. பிலிப்பைன்ஸ், இலங்கை, வங்காளதேசம் போன்ற ஆள் அனுப்பும் நாடுகள் அதனை ஏற்றன. ஆள் பெறும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், வளைகுடா நாடுகள் ஆகியவற்றுள் ஒன்றேனும் ஏற்கவில்லை. நம் இந்தியாவும் ஏற்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியுள்ளது. கொடுப்பவன் கையொப்பமிட்டு வாங்குபவன் விலகி நிற்கும் ஒப்பந்தம் எவரைக் கட்டுப்படுத்தும்? 2018 டிசம்பரில் மராகேஷ் நகரில் 23 குறிக்கோள்களுடன் ஓர் உலக உடன்பாடு ஏற்கப்பட்டது. அது நல்ல வழிகாட்டி. ஆனால் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதப்பட்டுள்ளது.

கஃபீலின் கையில் இக்காமா

இப்பொழுது வளைகுடாவுக்கு வருவோம். அங்கு நிலவிய ‘கஃபாலா’ முறையில் தொழிலாளியின் விசாவும் தங்கும் உரிமையும் ‘கஃபீல்’ எனப்படும் பொறுப்பாளரான முதலாளியைச் சார்ந்தவை. அவர் இசைவின்றி வேறு வேலைக்கு மாற இயலாதிருந்தது. சில நாடுகளில் ஊர் திரும்பவும் இயலாதிருந்தது. சவூதியில் வேலையை விட்டு வெளியேறியவர்மீது ‘ஹுரூப்’ என்று பதிந்துவிட்டால் அவர் ஓடிப்போனவர் ஆகிவிடுவார். இக்காமா இருந்தும் பயனற்றுப் போகும். நேட்டால் சட்டத்தில் ‘இசைவின்றி வெளியேறுதல்’ என்றிருந்த குற்றத்தை அரபு மொழியில் வேறு பெயரால் காண்கிறோம்.

காலம் அப்படியே நின்றுவிடவுமில்லை. கத்தார் 2018இல் பெரும்பாலான தொழிலாளருக்கு நாட்டை விட்டு வெளியேறும் அனுமதிச் சீட்டை நீக்கியது. 2020இல் முதலாளியின் மறுப்பின்மைச் சான்றின்றியே வேலை மாற வழி செய்து, எந்நாட்டவர்க்கும் பொதுவாக மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலியென விதித்து, 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியது. சவூதி அரேபியாவும் அதே மாதத்தில் வேலை மாறும் விதிகளைத் தளர்த்தியது; ஆனால் வீட்டுப் பணியாளரும், வீட்டு ஓட்டுநரும், தோட்டக்காரரும் அதனின்றும் விலக்கப்பட்டனர். நான்கு சுவருக்குள் வேலை செய்பவரே பாதுகாப்பு மிகுதியும் தேவைப்படுபவர்; சட்டம் கடைசியாக எட்டிப் பார்ப்பதும் அவரைத்தான்.

மேலும், சட்டம் மாறினாலும் கடன் விடுவதில்லை. வட்டிக்கு வாங்கி முகவருக்குக் கொடுத்துச் சென்றவர், வேலை மாறும் உரிமை இருந்தும், கடன் தீரும்வரை வாய் திறவார். அன்று கங்காணியின் துண்டு; இன்று வட்டிக்காரரின் புரோநோட்டு. ஆகவே விலகும் உரிமை பயணம் புறப்படுமுன், நம் ஊரிலேயே, முகவரின் மேசையில் இழக்கப்படுகிறது.

நம் நாட்டின் சட்டம்

1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டம் ஆள் அனுப்பும் முகவர்கள் அரசிடம் பதிவு பெற வேண்டுமென விதித்தது. குடியகல்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரியையும் ஏற்படுத்தியது. சவூதி, குவைத், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருள் பத்தாம் வகுப்புத் தேறாதவர் அவ்வதிகாரியின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும் என்பது பின்னர் நிலைபெற்ற முறை. முகவர் ஒருவர் பெறத்தக்க கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் ஆகும். இதற்கு மேல் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார்; இதை நம் இளைஞர் ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டும்.

இம்முறையில் ஒரு முரண்பாடு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அனுமதி வேண்டா. அது அவருக்குப் பெருமை. ஆனால் அனுமதியோடு வரும் பதிவும், ஒப்பந்தச் சரிபார்ப்பும், கட்டாயக் காப்பீடும் அவரை விட்டு நீங்குகின்றன. அவர்களையும் பதிவு செய்யுமாறு 2018 நவம்பரில் வந்த ஆணை எதிர்ப்பினால் உடனே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே நம் கழகத்தின் முயற்சியால் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை, அரசின் அனுமதிச் சீட்டையும் அரசின் பார்வையையும் ஒருசேரத் தாண்டிவிடுகிறான். இனி அவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் அறிவு பெற்றாக வேண்டும்.

பெண்களின் நிலையில் முரண்பாடு இன்னும் கூர்மையானது. அனுமதி பெற வேண்டியவருள் முப்பது வயது நிரம்பாத பெண்கள் வீட்டு வேலைக்குச் செல்வதை அரசு தடுத்தது. 2016இல் அத்தகைய பெண்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டுமென்றது. நோக்கம் பாதுகாப்பே. ஆனால் வறுமை வயது பார்ப்பதில்லை. வாசல் மூடியபோது, சுற்றுலா விசா என்னும் பின்வாசல் வழியே பெண்கள் சென்றனர். அவ்வாறு சென்றவருக்கு ஒப்பந்தமுமில்லை, காப்பீடுமில்லை. தடை மட்டும் பாதுகாப்பு ஆகாது.

அனுப்பும் நாடுகள் தமக்குள் போட்டியிடுவதும் நமக்குக் கேடு. இந்தியத் தொழிலாளருக்குத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலியைப் பல வளைகுடா நாடுகளுக்கு 2020 செப்டம்பரில் நம் அரசே முப்பது முதல் ஐம்பது விழுக்காடு வரை குறைத்தது. எதிர்ப்பு எழுந்தபின் 2021இல் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. வேலை பிற நாட்டாருக்குப் போய்விடும் என்ற அச்சமே குறைப்பின் காரணம். ஒவ்வொரு ஏழை நாடும் இவ்வாறு அஞ்சினால் கூலிக்கு அடித்தளமே இராது. ஒன்றுகூடிப் பேசுதல் ஒன்றே வழி. அதற்கென ஆசிய நாடுகள் 2003இல் தொடங்கிய கொழும்புக் கலந்துரையாடல் பேச்சளவிலேயே நிற்காமல், கூலியில் பொது உறுதி காணுமளவுக்கு வளர வேண்டும்.

பிறர் செய்ததை நோக்குவோம். பிலிப்பைன்ஸ் நாடு, சிங்கப்பூரில் பணிப்பெண் ஒருவர் தூக்கிலிடப்பட்டதால் எழுந்த மக்கள் கொதிப்புக்குப்பின், 1995இல் தன் அயல்நாட்டுத் தொழிலாளருக்கென விரிவான சட்டம் செய்தது. 2018இல் குவைத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தி, பாஸ்போர்ட்டை முதலாளி பறித்து வைக்கலாகாது என்ற விதியுடன் கூடிய ஒப்பந்தத்தைப் பெற்ற பின்னரே தடையை நீக்கியது. தென்கொரியா 2004 முதல் தனியார் முகவரை விலக்கி, அரசுக்கு அரசு ஆள் எடுக்கும் முறையை நடத்துகிறது. அதனால் தொழிலாளியின் செலவு குறைந்தது. ஆனால் அங்கும் வேலை மாறுவதற்குக் கடும் வரம்பு உண்டு. நம் அளவுகோலின்படி அதுவும் பாதி வெற்றியே.

நாம் செய்யத்தக்கன

இளைஞர்களே! ‘அயல்நாடு செல்லாதீர்’ என்று நாம் சொல்லவில்லை. வெளியே சென்றுதான் நம்மவர் பலர் தலை நிமிர்ந்தனர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பல்லாண்டுகள் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிவிட்டு வந்து நம் உரிமைக்காக வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் சென்று கற்றார். செல்லுங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு செல்லுங்கள்.

எந்த வேலை வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பயணச் செலவை ஏற்பவர் யார்? முதலாளியை விட்டு மாறும் உரிமை ஒப்பந்தத்திலும் அந்நாட்டுச் சட்டத்திலும் உண்டா? கூலி வாராவிடில் யாரிடம், எம்மொழியில் முறையிடுவது? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை தராத முகவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். அவரது பதிவெண்ணை அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபாருங்கள். 1978 முதல் நம் மாநில அரசு நடத்திவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது பெறுங்கள். ஒப்பந்தத்தின் படியொன்றை வீட்டில் வைத்துச் செல்லுங்கள்.

கழகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் பாடம் சொல்லித் தந்தீர்கள். இனி வாரத்தில் ஒரு மாலையைப் புறப்படுவோருக்கென ஒதுக்குங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்ல ஒருவர், சென்று திரும்பியோரில் ஒருவர், முறையீட்டு மனு எழுதத் தெரிந்த ஒருவர் என மூவர் அமர்ந்தால் போதும். சென்றவரின் பெயர், நாடு, முதலாளி, முகவர் ஆகியவற்றை ஓர் ஏட்டில் பதியுங்கள். முகவரின் கட்டணத்துக்காக மீட்டர் வட்டிக்காரரிடம் எவரும் செல்லாதவாறு சிறு கைமாற்று நிதி ஒன்றையும் தொடங்குங்கள். துண்டை அறுக்கும் கத்தி அதுவே.

அரசிடமும் நாம் கேட்க வேண்டியவை உள. 1983 சட்டத்திற்கு மாற்றாக 2019இலும் 2021இலும் வரைவுகள் வெளியாகி மக்களின் கருத்துக் கேட்கப்பட்டது. அத்தகைய வேளைகளில் முகவர் சங்கங்கள் எழுதி அனுப்புகின்றன. தொழிலாளியின் தெரு எழுதுவதில்லை. இனி நாம் எழுதுவோம். பயணச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும், வேலை மாறும் உரிமையின்றி எந்நாட்டுடனும் ஒப்பந்தம் செய்யலாகாது, 1990 உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்போம்.

நம் பாட்டன்மார் எழுத்தறியாத கைகளால் ஒப்பந்தத்தில் பெருவிரல் ரேகை வைத்துக் கப்பலேறினர். நம் பிள்ளைகள் கையொப்பமிடக் கற்றுவிட்டனர். கையொப்பமிடுமுன் படிக்கவும், படித்தபின் ‘முடியாது’ என்று சொல்லவும் அவர்களுக்குக் கற்பிப்பதே இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாக அமையட்டும்.